மூன்று வினாக்களும் மலாக்காச் சேகரமும்

1744-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், பீரங்கி வார்க்கும் பழைய ஆலையொன்றைச் செப்பனிட்டுப் பிரார்த்தனைக் கூடமாக்கிய இலண்டன் கட்டடத்தில், ஜான் வெஸ்லி தம் இளவல் சார்ல்ஸையும் உடன் ஊழியர் சிலரையும் அழைத்துவைத்து முதல் மாநாட்டை நடத்தியபோது, அவர்கள் எடுத்துக்கொண்ட விசாரணை மூன்றே மூன்று: எதைப் போதிப்பது, எவ்வாறு போதிப்பது, என்ன செய்வது. பின்னாளில் உலகெங்கும் பரவிய மெதடிஸ்த திருச்சபையின் சித்தாந்தம், ஒழுங்குமுறை, ஊழியம் ஆகிய யாவும் அந்த வினாவிடையின் குறிப்பேட்டிலிருந்து கிளைத்தவையே. இன்றும் ஒரு மாணவன் குருத்துவப் பயிற்சிக்குச் சென்றால் இறையியல், திருச்சபை நிர்வாகம், அருட்பணி என்னும் மூன்று பாடங்களாக அவற்றையே பயில்கிறான். வரிசையும் பெரும்பாலும் அதுவே: முதலில் கொள்கை, பிறகு ஆட்சிமுறை, கடைசியில் களம்.

மலாக்காத் தமிழரிடையே இந்த வரிசை தலைகீழாக அமைந்தது என்பதே என் துணிபு. அவர்களுக்குக் களம்தான் முதலில் வாய்த்தது. களத்தின் நெருக்கடியிலிருந்து ஆட்சிமுறையைக் கற்றுக்கொண்டார்கள். கொள்கையை முறையாக உட்கார்ந்து பயிலும் கலாசாலை, முக்கால் நூற்றாண்டுக்குமேல் கழிந்த பிறகே அவர்களுடைய மாநிலத்தின் எல்லைக்கு அருகே வந்து சேர்ந்தது.

கலாசாலை என்று பார்த்தால் மலாக்கா அப்படியொன்றும் வறண்ட பூமி அன்று. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே தமிழில் ஜெபங்களை மனப்பாடம் செய்து ஒப்புவித்துத் திரிந்த பிரான்சிஸ் சவேரியார், 1545-இல் கடல் கடந்து வந்திறங்கிய ஊர் அது. இலண்டன் மிஷனைச் சேர்ந்த வில்லியம் மில்ன் 1815-இல் அங்கே குடியேறி, 1818 நவம்பரில் ஆங்கிலோ-சீனக் கலாசாலைக்கு அடிக்கல் நாட்டினார். வங்காளத்தில் வில்லியம் கேரியும் தோழர்களும் சிராம்பூர்க் கலாசாலையை நிறுவியதும் அதே ஆண்டில்தான். மில்னோடு அச்சுத்தொழிலாளியாக வந்த லியாங் ஃபா மலாக்காவில் 1816-இல் ஞானஸ்நானம் பெற்று, பின்னர் சுவிசேஷகராக அபிஷேகம் பெற்ற முதல் சீனர்களுள் ஒருவரானார். அந்த மிஷனரிகளுக்கு மலாய் மொழி கற்பித்த முன்ஷி அப்துல்லாவோ நாகூர்த் தமிழ்க் குடும்பத்தின் வழிவந்தவர்; வணிகமெல்லாம் தமிழில் நடந்த அந்த நகரத்தில் சிறுவயதிலேயே தமிழை முறையாகக் கற்றவர்; இறுதிவரை இஸ்லாத்தில் உறுதியாக நின்றவர். ஆக, ஆசிரியர் தமிழ் வழியினர், மாணாக்கர் வெள்ளையர், கலாசாலையின் இலக்கோ சீனம். 1843-இல் ஹாங்காங் திறந்துவிட்டதும் கலாசாலை கப்பலேறிப் போயிற்று. தமிழனுக்கு அதில் எஞ்சியது ஒன்றுமில்லை.

மெதடிஸ்தர்களின் வருகை வேறு வழியில் நிகழ்ந்தது. மலாயாவுக்கு மெதடிஸ்த சமயத்தை அமெரிக்கர் கொண்டுவந்தார்கள் என்று பொதுவாகச் சொல்லுவார்கள். அது பாதி உண்மை. 1884-இன் இறுதியில் ஹைதராபாத்தில் கூடிய தென்னிந்திய மாநாடுதான் சிங்கப்பூருக்கு ஓர் ஊழியரை நியமித்தது; நியமனம் பெற்ற வில்லியம் ஓல்டாம் பெங்களூரில் பிறந்தவர், நில அளவைத் துறையில் உத்தியோகம் பார்த்தவர்; அவரை அழைத்துக்கொண்டு 1885 பிப்ரவரியில் மிஷனரி ஜேம்ஸ் தோபர்ன் புறப்பட்டதும் கல்கத்தாவிலிருந்தே. இந்தியாவின் ஒரு மாநாட்டுக்குக் கட்டுப்பட்ட வெளிக்களமாகவே மலாயா தொடங்கிற்று. 1887-இல் வந்து சேர்ந்த ஆஸ்திரேலியப் பெண்மணி சோபியா பிளாக்மோர், இந்திய வணிகர் சிலரின் பொருளுதவியோடு சிங்கப்பூர் ஷார்ட் வீதியில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியபோது, முதல் நாளில் வந்து அமர்ந்தவர்கள் ஒன்பது தமிழ்ச் சிறுமியர். 1893-இல் மலேசியா மிஷன் மாநாடும், 1902-இல் முழு வருடாந்தர மாநாடும் அமைந்தன.

இதற்கிடையே மலாக்காவின் நிலமே உருமாறிக்கொண்டிருந்தது. மரவள்ளி பயிரிட்டுப் பொருளீட்டிய சீனக் குடும்பத்து வாரிசான தான் சாய் யான், 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் ஏறத்தாழ நாற்பது ஏக்கரில் ரப்பர் கன்றுகளை நட்டார். மலாயாவில் வாணிப நோக்கோடு நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டம் அதுவே. அடுத்துப் புக்கிட் அசஹான். பிறகு ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா, தெபோங் என்று காடு அழிய அழியப் பால்மரம் நிறைந்தது. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து ஆட்களைத் திரட்டிக்கொண்டு வந்தார்கள். வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். மாரியம்மன் கோயிலில்லாத தோட்டம் அரிது. கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினர், அந்தச் சிறுபான்மையும் ஒரே வார்ப்பாயில்லை.

இந்த இடத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த குடும்பம் ஆங்கிலிக்கன் மிஷனில் வளர்ந்தது; அதற்கு அத்தியட்சர் என்றால் என்னவென்று தெரியும். நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்கள் இலண்டன் மிஷன் மக்கள். சபையே தன்னை ஆண்டுகொள்ளும் மரபு அவர்களுடையது. தஞ்சாவூர், தரங்கம்பாடிக்காரர்கள் லுத்தரன்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கிராணிமாராகவும் ரயில்வே உத்தியோகஸ்தராகவும் வந்தவர்களில் ஒரு பகுதியினர், 1816-இல் அங்கு வந்த அமெரிக்க மிஷனின் வட்டுக்கோட்டை மரபினர். இன்னொரு பகுதியினர் வெஸ்லியன் மிஷனைச் சேர்ந்த உண்மையான மெதடிஸ்தர். ஆனால் அவர்களுடைய மெதடிஸ்தமும் வேறு வகை. மிஷனரிக் குழுவோடு இலங்கைக்குப் புறப்பட்ட தாமஸ் கோக் 1814-இல் நடுக்கடலில் இறந்துபோக, மீந்த இளைஞர்கள் கரையேறி யாழ்ப்பாணம்வரை வந்து வளர்த்த அந்தப் பிரிட்டிஷ் மரபில் பேராயர் இல்லை. ஆறுமுக நாவலர் இளமையில் பயின்றதும் மிஷனரி பீட்டர் பெர்சிவலோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்ததும் அந்த மரபின் பள்ளிக்கூடத்தில்தான். மலாயாவுக்கு வந்ததோ 1784-இன் கிறிஸ்துமஸ் காலத்தில் பால்டிமோரில் பிறந்த அமெரிக்க மெதடிஸ்தம், பேராயர் உண்டு, அவருக்கு நியமன அதிகாரம் உண்டு. நான்கு விதமான ஆட்சிமுறைகளைச் சிறுவயது முதல் சரியென்று நம்பி வளர்ந்த தமிழர்கள், ஒரே தோட்டத்து லயத்தில், ஒரே தகரக் கூரையின்கீழ், ஐந்தாவது ஆட்சிமுறையொன்றுக்குள் வந்து விழுந்தார்கள். நாற்பதோ ஐம்பதோ பேர் கூடும் சிறு சபையொன்றில் யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம், யார் திருவிருந்து பரிமாறலாம், காணிக்கைக் கணக்கு யார் கையில் இருக்கலாம் என்பவை அவர்களுக்கு ஏட்டுச் சங்கதிகளாக இருந்திருக்க முடியாது.

மெதடிஸ்த ஆட்சிமுறையின் வேரே பணக்கணக்கில் இருப்பது பலர் அறியாத வேடிக்கை. 1742-இல் பிரிஸ்டல் நகரத்துக் கட்டடக் கடனை அடைக்கும் மார்க்கத்தை ஆலோசித்தவர்கள், பன்னிரண்டு பேருக்கு ஒருவராகப் பொறுப்பாளரை வைத்து, வாரந்தோறும் வீடுவீடாகச் சென்று ஆளுக்கொரு பென்னி வசூலிப்பது என்று ஏற்பாடு செய்தார்கள். வசூலுக்குப் போனவர்கள் வீட்டு நிலவரத்தைக் கண்டார்கள். குடியும் சண்டையும் நோயும் வறுமையும் கண்ணில் பட்டன. வெஸ்லி அந்த வசூல் ஏற்பாட்டையே ஆத்தும விசாரணை ஏற்பாடாக மாற்றிவிட்டார். வகுப்புக் கூட்டம் என்று வழங்கும் அந்த அமைப்பிலிருந்து வகுப்புத் தலைவர், அதற்குமேல் காலாண்டு மாநாடு, அதற்கும் மேல் மாவட்டக் கண்காணிப்பாளர், வருடாந்தர மாநாடு என்று படிப்படியாகக் கட்டடம் எழும்பியது. கிங்ஸ்வுட் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே 1739-இல் வெட்டவெளியில் நின்று பிரசங்கித்தவருடைய இயக்கத்துக்கு இது பொருந்தியே வந்தது. வாரக்கூலிக்காரனிடம் வாரந்தோறும் போனால்தான் ஒரு பென்னி கிடைக்கும். தோட்டத்தில் சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை. சம்பள நாளன்றே மளிகைக்கடைப் பற்றும் கங்காணிக் கடனும் வாசலில் வந்து நிற்கும். காணிக்கைப் பைக்கு எஞ்சுவது சில்லறை. ஆயினும் லயத்துக் கூடுகை நடந்தது. விடியுமுன் பெரட்டுக்குப் பெயர் கொடுத்து, பால் வெட்டி, மங்குகளில் சேர்ந்த பாலை எடுத்துக் காண்டாவில் சுமந்து ஸ்டோரில் அளந்துகொடுத்து, குளித்துவிட்டு வந்தவர்களுக்கு அந்தி நேரமே ஆராதனை நேரம்.

அந்தக் கூடுகையை நடத்தியவர் யார்? பெரும்பாலும் பட்டம் பெற்ற குருவானவர் அல்லர். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி ஆசிரியரோ, கிராணியாரோ, ஆஸ்பத்திரி டிரஸரோ உபதேசியாராக நின்று பிரசங்கித்தார்கள். மெதடிஸ்த ஒழுங்குமுறையில் இதற்குத் தெளிவான வாயில் உண்டு. ஒருவருக்கு ஊழிய அழைப்பு உண்டென்று முதலில் சாட்சி சொல்ல வேண்டியது அவருடைய சொந்தச் சேகரத்தின், அதாவது ஒரே ஊழியர் கவனிக்கும் சபைத்தொகுதியின், காலாண்டு மாநாடு. அவரைத் தினந்தோறும் பார்க்கிற மக்கள். அவர்கள் உரிமச்சீட்டு கொடுக்காமல் மேலே ஒரு படியும் ஏற முடியாது. அந்த உரிமமும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டும். ஏறிய பிறகோ நிலைமை மாறுகிறது: முழு ஊழியனாகிவிட்டவனை எங்கே அனுப்புவது என்பதில் அவனுக்கும் வாக்கில்லை, சபைக்கும் வாக்கில்லை, மாநாட்டின் முடிவில் பேராயர் வாசிக்கும் நியமனப் பட்டியலே பேசும். தேர்ந்தெடுப்பது கீழிருந்து, அனுப்புவது மேலிருந்து என்ற இந்த இரட்டை அமைப்பு, தோட்டத்து ஆளுக்கு விசித்திரமாக இருந்திருக்க வேண்டும். மேலிருந்து அனுப்பப்படுவது அவன் நன்கறிந்த விஷயம். கங்காணி சொன்ன இடத்தில், துரை சொன்ன டிவிஷனில் வேலை செய்தவன். கீழிருந்து கையுயர்த்திச் சம்மதம் சொல்வதுதான் அவனுக்குப் புதிது. மலாயாவில் பொதுத்தேர்தல் முதன்முதல் நடந்ததே 1955-இல். இதை மிகைப்படுத்திவிடவும் கூடாது. அந்தக் காலாண்டுக் கூட்டத்தில் உட்கார்ந்தவர்கள் பெரும்பாலும் எழுத்தறிந்த வகுப்பினரே; ஊரிலிருந்து கொண்டுவந்த சாதி வேற்றுமை லயங்களின் வரிசையிலேயே தெரிந்த காலத்தில், பால்வெட்டுகிறவன் கை எத்தனை முறை எண்ணப்பட்டிருக்கும் என்ற சந்தேகம் எனக்குத் தீர்வதில்லை.

உரிமம் பெற்றவரின் படிப்பு எப்படி நடந்தது? அமெரிக்க மெதடிஸ்தர் 1816-லேயே வகுத்துவைத்த ஏற்பாடொன்று உண்டு: கலாசாலைக்குப் போக வசதியில்லாத ஊழியனுக்கு மாநாடே பாடத்திட்டம் தரும், அவன் தன் சேகரத்தில் வேலை செய்துகொண்டே படிக்க வேண்டும், ஆண்டுதோறும் மாநாடு கூடுமுன் பரீட்சகர்கள் முன்னிலையில் தேர்வு கொடுக்க வேண்டும். நான்கு ஆண்டுப் படிப்பு. இரண்டாண்டு கழிந்தால் உதவிக்குரு, நான்காண்டு நிறைந்தால் மூப்பர். பாடநூல்களில் வேதாகமம், திருச்சபைச் சரித்திரம், வெஸ்லியின் பிரசங்கங்கள், ஒழுங்குமுறை நூல் ஆகியவை நிலையான இடம் பெற்றவை. ஆங்கிலிக்கன் சபையின் முப்பத்தொன்பது விசுவாசப் பிரமாணங்களை வெஸ்லி இருபத்து நான்காகக் குறைத்ததும், அமெரிக்கர் தங்கள் புதிய அரசாங்கத்தைப் பற்றி ஒன்றைச் சேர்த்து இருபத்தைந்தாக்கியதும் அதில் வரும். ஆங்கிலேய ராஜ்யத்தின் கீழிருந்த தமிழ் மாணாக்கனுக்கு பின்சேர்ந்த அந்தப் பிரமாணம் என்ன பொருள் தந்ததோ!

படிப்பின் முடிவில், மாநாட்டின் நடுவே நிற்கவைத்துக் கேட்கப்படும் வினாக்கள் வெஸ்லியின் காலத்திலிருந்து வருபவை. கிறிஸ்துவில் விசுவாசம் உண்டா என்று தொடங்கும்; பூரணத்தை நோக்கி முன்னேறுகிறீரா, இம்மையிலேயே அன்பில் பூரணப்படுவீர் என்று எதிர்பார்க்கிறீரா என்று மெதடிஸ்தச் சித்தாந்தத்தின் உச்சிக்கே ஏறும்; பிள்ளைகளுக்குப் போதிப்பீரா, வீடுவீடாகச் செல்வீரா என்று தொடர்ந்து, முடிவை நெருங்குகையில் தரைக்கு இறங்கி, ஊழியத்துக்கு இடைஞ்சலாகும் அளவுக்குக் கடன் உண்டா என்று கேட்கும். நேரத்தை வீணாக்காதிருப்பீரா என்பது பின்தொடரும். கிருபையினால் மனிதன் இவ்வுலகிலேயே அன்பில் நிறைவடையலாம் என்ற உயர்ந்த கோட்பாட்டுக்கும் கைமாற்றுக் கடனுக்கும் ஒரே வினாப்பட்டியலில் வெஸ்லி இடங்கொடுத்தது தற்செயல் அன்று. சொற்பச் சம்பளத்தில், பெரிய குடும்பத்தை வைத்துக்கொண்டு, ஊரிலிருக்கும் தாய்தந்தையருக்கும் பணம் அனுப்பிய தமிழ் ஊழியர்களுக்கு, பரிசுத்தத்தைப் பற்றிய வினாவுக்கு விடை சொல்வதைவிட அந்தக் கடன் வினாவுக்கு விடை சொல்வதே கடினமாக இருந்திருக்கும்.

மலாக்கா நகரில் தெங்கேராப் பகுதியில் தமிழ் மெதடிஸ்த ஆலயம் இன்றும் உண்டு. நகரத்துச் சபையையும் சுற்றுப்புறத் தோட்டங்களையும் ஒரே ஊழியர் கவனிப்பதே சேகரம் என்ற அமைப்பின் இயல்பு. குதிரை மீதேறிச் சுற்றிய வெஸ்லியின் வழிவந்தவர்களுக்கு இங்கே துவிச்சக்கர வண்டியும் ரயிலும் துணையாயின. 1905-இல் திறக்கப்பட்ட மலாக்கா – தம்பின் கிளை இருப்புப்பாதை, அலோர் காஜா வட்டாரத்தைப் பெரிய தடத்தோடு இணைத்தது. ஜப்பானியர் வந்தபோது அந்தத் தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துச் சயாம் – பர்மா மரண ரயிலுக்குக் கொண்டுபோனார்கள். தோட்டங்களிலிருந்து ஆட்களையும் அதே ரயிலுக்குத்தான் கொண்டுபோனார்கள். இருப்புப்பாதை திரும்பி வரவில்லை. போனவர்களிலும் பல்லாயிரவர் திரும்பவில்லை.

அதே யுத்த காலத்தில், சிங்கப்பூரில் சிறைப்பட்டிருந்த பல சபைகளின் தலைவர்கள், தனித்தனியே கலாசாலை நடத்தும் காலம் போயிற்று என்று கலந்துபேசினார்கள். மெதடிஸ்தர், ஆங்கிலிக்கர், பிரெஸ்பிட்டீரியர் மூவரும் சேர்ந்து 1948-இல் சோபியா மலையில் திரித்துவ இறையியல் கலாசாலையைத் தொடங்கினார்கள். சிறையிலிருந்து மீண்டவர்களுள் ஒருவரான ஹோபார்ட் ஆம்ஸ்டட்ஸ் அதன் முதல்வராயிருந்து பிற்பாடு பேராயருமானார். முறையான பட்டப்படிப்பு கைக்கெட்டிற்று. ஆனால் அது பேசிய மொழி முதன்மையாக ஆங்கிலம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறு வகுப்பு படித்தவனுக்கு அந்தப் படிக்கட்டு உயரந்தான். தமிழிலேயே இறையியல் பயில விரும்பியவன் கடல் கடந்து தாய்நாட்டைத்தான் நோக்க வேண்டும். அங்கேயும் திருமறையூர், தரங்கம்பாடிக் கலாசாலைகள் ஒன்றிணைந்து மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியாக உருவெடுத்தது 1969-இல்தான்.

1968-இல் மலேசிய, சிங்கப்பூர் மெதடிஸ்தர் அமெரிக்கத் தாய்ச்சபையிடமிருந்து சுயாதீனம் பெற்று யாப் கிம் ஹாவ் என்பவரைத் தங்கள் முதல் ஆசியப் பேராயராகத் தெரிந்துகொண்டார்கள். தமிழருக்கென்று தனி வருடாந்தர மாநாடும் அப்போதே வாய்த்தது. அதற்குத் தலைவர், அதற்குப் பரீட்சைக் குழு, அதற்கு நியமனப் பட்டியல். ஆயுள்காலப் பேராயர் என்ற அமெரிக்க வழக்கத்தைக் கைவிட்டு, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு மட்டும் பதவி என்று வைத்தது, என் பார்வையில், அந்தச் சுயாதீனத்தின் மிகத் துணிவான செயல். அடுத்துப் பேராயரான தியடோர் துரைசாமி தமிழர், கல்வியாளர், இந்நாட்டு மெதடிஸ்த சரித்திரத்தை எழுதியவர். 1976-இல் இருநாட்டுச் சபைகளும் பிரிந்தபின் மலேசியச் சபையின் முதற் பேராயராக சி. என். பெர்னாண்டஸ் அமர்ந்தார். வெளிநாட்டு மிஷனரிகள் பத்தாண்டுக்குமேல் தங்கலாகாது என்று அரசாங்கம் வரையறுத்துவிட்ட காலம் அது. உள்ளூர் ஊழியரை உள்ளூரிலேயே தயாரிப்பது அவசியமாயிற்று.

அந்த அவசியத்தில் பிறந்ததே 1979-இல் ஆங்கிலிக்கர், லுத்தரன்கள், மெதடிஸ்தர் சேர்ந்து கோலாலம்பூரில் நிறுவிய மலேசிய இறையியல் கல்லூரி. பிற்பாடு அது சிரம்பானுக்கு இடம்பெயர்ந்து, பழைய தம்பின் சாலையோரம் நிலைகொண்டது. அச்சாலையே தெற்கே இறங்கி மலாக்கா எல்லையைத் தொடுகிறது. ஆங்கிலம், சீனம், மலாய் இவற்றோடு தமிழும் அங்கே பயிற்றுமொழியாயிற்று. கூட்டுக் கலாசாலையாதலால், ஒவ்வொரு சபையின் ஆட்சிமுறையும் தனித்தனியே போதிக்கப்பட வேண்டியிருக்கிறது. மெதடிஸ்த மாணவன் தன் ஒழுங்குமுறை நூலைப் படிக்கும்போது, அடுத்த இருக்கைக்காரன் லுத்தரன். லயத்துக் கூடுகையில் பாட்டனார்கள் வாக்குவாதம் செய்து தெரிந்துகொண்ட வேற்றுமைகளைப் பேரர்கள் பாடநூலில் தெரிந்துகொள்கிறார்கள்.

களமோ கலைந்துவிட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டன, வேலை உரிமச்சீட்டு கிடைக்காத பலர் 1969-ஐ அடுத்துக் கப்பலேறினார்கள், ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, லயங்களில் இப்போது வேறு தேசத்தவர் சமைக்கிறார்கள். அவர்களில் முஸ்லிம்களாயிருப்போரிடையே பிற சமயத்தைப் பரப்புவதை மாநிலச் சட்டம் கட்டுப்படுத்தலாம் என்று அரசியலமைப்பின் 11-ஆம் விதி இடங்கொடுக்கிறது; எனவே தமிழ் ஊழியனின் எல்லை இன்றும் பெரும்பாலும் தமிழ்க் குடும்பமே. அந்தக் குடும்பம் தாமான் வீடுகளில் பிரிந்து கிடக்கிறது. தந்தை ஒரு தொழிற்சாலையில், தாய் பத்து பெரெண்டாம் மின்னணுத் தொழிற்சாலையில், வெவ்வேறு ஷிப்டில். வீடுவீடாகச் செல்வீரா என்ற வினாவுக்கு ஆம் என்று மாநாட்டில் பதில் சொல்லவிருக்கும் மாணவன், வார இறுதிப் பயிற்சிக்குப் புறப்படுமுன் எந்த வீட்டில் யாருக்கு இரவு ஷிப்டு என்று விசாரித்துக் குறித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.